தாராவி ரூட்டருக்குப் பொலிவியா விசா

ஏ மருமவனே, ஒன் தெறமையை நெனச்சா எனக்குப் புல்லரிக்கி. தாராவி தொண்ணூறடி ரோட்டுல தோல் பை விக்கிறவன், பாஸ்போர்ட் எடுக்காம, டிக்கெட் போடாம, ஒரே ராத்திரியில பொலிவியாவுக்குக் குடிபோயிட்டியே! ஒன்னைச் சொல்லல, ஒன் ரூட்டரைச் சொல்லுதேன். சந்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற குடோன்ல கேமரா மாட்டினே. படம் விட்டு விட்டு வந்துச்சு. எவனோ ஒருத்தன் வீடியோவுல சொன்னான்னு லினக்ஸ்ல 'ஐடபிள்யூ ரெக் செட் பிஓ'ன்னு ஒரு வரி அடிச்சே. பிஓன்னா பொலிவியா. அந்த நாட்டுக்காரன்னு சொல்லிட்டா வைஃபை பவரை 30 டிபிஎம் வரைக்கும் ஏத்தலாமாம். ஏத்திட்டு, ஊரையே வளைச்சுப் போட்ட மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டு அலையுதே.

நல்லது, மருமவனே, ஏத்து. ஆனா ஏத்துறதுக்கு முந்தி இந்தக் கெழவன் சொல்லுறதைச் செத்த நேரம் கேளு. எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. திருநெவேலிப் பக்கம் கோயில் கொடைக்கு ரேடியோ செட்டுக் கட்டினவன் நான். பனமரத்துல கொழாய் கட்டி, நாலு ஊருக்குக் கேக்கப் பாட்டுப் போட்டவன். சத்தத்தைக் கூட்டுனா என்ன ஆகும்னு எனக்குக் கொஞ்சம் தெரியும். மிச்சத்தை என் பேத்தி சொல்லிக் குடுத்தா. அவ செம்பூர்ல இருந்துக்கிட்டு இந்த வைஃபை டிரைவர் எழுதுற கம்பெனியில சோலி பாக்கா. மாட்டுங்காவுல ஒரு நாள் காபி குடிக்கையில ஒன் பொலிவியா சேதியைச் சொன்னேன். காபி அவளுக்குப் பொரையேறிப் போச்சு.

மொதல்ல நம்ம நாட்டுச் சட்டத்தைக் கேளு. 2005 ஜனவரியில மத்திய சர்க்கார் ஒரு விதி போட்டுச்சு. 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, அதாவது 2400-ல இருந்து 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், லைசென்ஸ் இல்லாம யாரும் கருவி வச்சுக்கலாம். கருவியில இருந்து கெளம்புற பவர் 1 வாட்டுக்கு மேல போகக் கூடாது. ஆன்டெனாவோட பலத்தையும் சேத்துக் கணக்குப் பாத்தா 4 வாட்டு. ஆன்டெனாவை மொட்டை மாடிக்கு மேல 5 மீட்டருக்குள்ள வைக்கணும். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் அப்போ வீட்டுக்குள்ள மட்டுந்தான் விட்டாவ, அதுவும் 200 மில்லிவாட்டோட. 2018 அக்டோபர்ல அதையும் வெளியில புழங்கலாம்னு தொறந்துவிட்டாவ. 6 கிகாஹெர்ட்ஸ்ல ஒரு பாதிக்கு 2025 மே மாசம் வரைவு விதி வந்துச்சு.

இப்ப கணக்குப் போடு. 20 டிபிஎம்னா 100 மில்லிவாட். 30 டிபிஎம்னா 1 வாட். 36 டிபிஎம்னா ஏறக்கொறைய 4 வாட். ஐரோப்பாக்காரனுக்கு இந்த 2.4-ல ஆன்டெனாவையும் சேத்தே 100 மில்லிவாட்டுதான். நம்ம சர்க்கார் அதைப்போல 40 மடங்கு குடுத்திருக்கு. ரேஷன் கடையில கூட இந்தத் தாராளம் கெடையாது. நீ பொலிவியாவுல போய்த் தேடின அந்த 30, நம்ம ஊருலயே இருக்கு. வீட்டுல கஞ்சி இருக்க வெளியூருல பிச்சைக்குப் போன சமத்தன் நீதான்.

சரி, ஏத்திட்டே. 20-ல இருந்து 30-க்குப் போனா பவரு பத்து மடங்கு. தூரமும் பத்து மடங்குன்னு நெனைக்காதே. ஒண்ணுமே மறிக்காத பொட்டல்லயே பவரை நாலு மடங்கு ஏத்துனாத்தான் தூரம் ரெண்டு மடங்கு ஆகும். பத்து மடங்குக்கு மூணு மடங்கும் சொச்சமும். தாராவி பொட்டலா? ஒன் கடைக்கும் குடோனுக்கும் நடுவுல தகரச் செவரு எத்தனை, இரும்பு ஷட்டர் எத்தனை, தண்ணி டாங்கி எத்தனை? தகரம் இந்த அலையை உள்ள விடாம திருப்பி அடிக்கும். தண்ணி குடிச்சுப்புடும். நீ ஏத்துன பத்து மடங்கும் ரெண்டு செவரு தாண்டுறதுக்குள்ள செலவாயிரும்.

அதைக் கூட விட்டுரு. குடோன்ல இருக்கிற கேமரா என்ன சோலி செய்யுது? படத்தை எடுத்து ஒனக்கு அனுப்புது. பேச வேண்டியது அது. கேக்க வேண்டியது ஒன் ரூட்டரு. நீ யாரோட தொண்டையைப் பெருசாக்கினே? ரூட்டரோட தொண்டையை! கேமராவுக்கு இருக்கிறது அதே பழைய சின்னத் தொண்டைதான். அந்த மாதிரி சின்னக் கருவியும் நம்ம கையில இருக்கிற போனும் பெரும்பாலும் 100 மில்லிவாட்டு, இல்லன்னா அதுக்கும் கீழதான் பேசும். கொடையில நான் கொழாயில கூப்பிட்டா நாலு ஊருக்காரனும் கேப்பான். அவன் அங்கன இருந்து பதில் சொன்னா எனக்குக் கேக்குமா? அதான் ஒன் கதை. போன்ல வைஃபை கோடு முழுசா நிக்கும். படம் மட்டும் வராது. நெட்டுக் குடுக்கிற கம்பெனிக்காரனுக்குப் போன் போட்டுத் திட்டுவே. அவனும் பாவம், லைன் சரியாத்தான் இருக்குன்னு சத்தியம் பண்ணுவான்.

இன்னொரு சமாச்சாரம். இந்த வைஃபைக்கு நம்மளை விட மரியாதை சாஸ்தி. வாயைத் தொறக்கறதுக்கு முந்தி, வேற யாராவது பேசுதாங்களான்னு காது குடுத்துக் கேக்கும். பக்கத்து வைஃபையோட சத்தம் மைனஸ் 82 டிபிஎம் அளவுல, அதாவது ஈனஸ்வரத்துல கேட்டாக் கூட, அது முடியுற வரைக்கும் வாயை மூடிக்கிட்டு நிக்கும். இப்ப நீ பவரை ஏத்துனா என்ன ஆச்சு? முன்னாடி ஒன் சத்தம் கேட்டது பத்து வீட்டுக்குன்னு வையி. இப்ப அந்தச் சந்து பூராவும் கேக்கும். அத்தனை வீட்டு ரூட்டரும், நீ குடோன் எலியைப் படம் புடிச்சு முடிக்கிற வரைக்கும் காத்துக்கிட்டு நிக்கணும். அது போதாதுன்னு ஒவ்வொரு ரூட்டரும் செகண்டுக்குப் பத்துத் தடவை 'நான் இங்கன இருக்கேன், நான் இங்கன இருக்கேன்'னு ஒரு சேதி போட்டுக்கிட்டே இருக்கும். பீக்கன்னு பேரு. அதையும் ரொம்ப மெதுவான வேகத்துலதான் சொல்லும், அப்பத்தான் எல்லாக் கருவிக்கும் வெளங்கும். ரெண்டு சதுர கிலோமீட்டர் சொச்சத்துல லச்சக்கணக்குல ஜனம் வாழுற எடத்துல ஒவ்வொரு வீட்டுக்காரனும் ஒன்னை மாதிரி பொலிவியா போனா, காத்துல மிஞ்சுறது இந்தக் கூப்பாடு மட்டுந்தான். படம் போறதுக்கு எடம் ஏது?

அடுத்த வீட்டுக்காரன் சும்மா இருப்பானா? அவன் பெலீஸ் போவான். அதுக்கு அடுத்தவன் கயானா. மூணு நாட்டுப் பிரஜைகளும் காலையில ஒரே தண்ணிக் கொழாயிலதான் குடம் வைக்கணும்.

கூட்டுனா சத்தம் தெளிவாவும் இருக்காது. கொழாயை அதோட சக்திக்கு மேல கூட்டுனா பாட்டு கரகரன்னு ஒடையும், கேட்டிருக்கேல்ல? ரூட்டருக்குள்ள இருக்கிற ஆம்பிளிஃபயரும் அப்படித்தான். அதுக்கு ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி ஓட்டுனா அலை நெளிஞ்சு போகும். வேகமான வைஃபைக்கு அலை ரொம்பச் சுத்தமா இருக்கணும். நெளிஞ்ச அலையை அந்தப் பக்கம் இருக்கிறவனால படிக்க முடியாது. அதனால ரெண்டு கருவியும் வேகத்தைக் கொறைச்சுக்கிட்டுத்தான் பேசும். நெளிஞ்சது ஒன் சேனலோட நிக்காம பக்கத்துச் சேனல்லயும் வழியும். 2.4-ல ஒண்ணோட ஒண்ணு மோதாத சேனல் மூணுதான்: 1, 6, 11. நீ ஒண்ணுல கத்தி ஆறாவதையும் கெடுத்தா, பாவம் யாருக்கு?

'அப்ப ஏன் மாமா அந்தப் பொலிவியாவை விட்டான்? மொதல்லயே மறிச்சிருக்க வேண்டியதுதானே?'ன்னு கேப்பே. நல்ல கேள்வி. கொடையில சத்தம் சாஸ்தியானா போலீஸ்காரர் வந்து வயரைப் புடுங்குவாரு. ராத்திரி 10 மணியில இருந்து காலையில 6 மணி வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000-ல வந்த விதி இருக்கு. ஏன்னா அந்தச் சத்தம் எல்லார் காதுலயும் விழும். ரேடியோ அலை யார் காதுல விழும்? அதை அளக்கிறதுக்கு டெலிகாம் இலாகாவுல வயர்லெஸ் கண்காணிப்பு நிலையம் இருக்கு. ஆனா ஒவ்வொரு சந்துக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆளை நிப்பாட்ட முடியுமா? முடியாது. அதனால சட்டம் தில்லியில இருக்கு, காவல் ஒன் மிஷினுக்குள்ளயே இருக்கு. அந்தக் காவல்தான் டிரைவர். சிப்புக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல நின்னு, இத்தனை பவர் விடு, இந்தச் சேனல்ல விடுன்னு ஏவுற நிரல் அது.

லினக்ஸ்ல அது எப்படி நடக்குன்னு பேத்தி சொன்னா. எந்த நாட்டுல எந்த அலைவரிசையில எம்புட்டு பவர்னு ஒரு பேரேடு இருக்காம். 2008 வாக்குல இருந்து அதைப் பொதுவுல வச்சுப் பராமரிக்காவ. கண்ட பய அதுல கை வச்சுரக் கூடாதுன்னு கையெழுத்தும் போட்டுத்தான் குடுப்பாவ. லினக்ஸோட மையமா இருக்கிற நிரலுக்குக் கெர்னல்னு பேரு. 2018 ஜனவரியில வந்த 4.15 கெர்னல்ல இருந்து, அந்தக் கையெழுத்தைக் கெர்னலே நேராச் சரிபாத்துப் பேரேட்டை எடுத்துக்கிடுது. எந்த நாடுன்னே தெரியலைன்னா 00-ன்னு ஒரு கணக்கு. உலகத்துல எங்க வச்சாலும் தப்பு வராத அளவுக்கு அடக்கி வாசிக்கிற கணக்கு அது. 5 கிகாஹெர்ட்ஸ்ல தானா வாயைத் தொறக்கவே தொறக்காது, அடுத்தவன் பேசுறதைக் கேக்க மட்டும் செய்யும்.

இதுல ஒனக்குத் தெரியாத ரகசியம் ஒண்ணு உண்டு. நாட்டுப் பேரேடு சொல்லுறது ஒரு அளவு. வைஃபை கார்டைச் செய்யும்போதே பாக்டரியில அளந்து அதுக்குள்ள எழுதி வச்சது இன்னொரு அளவு. கெர்னல் ரெண்டையும் பாக்கும். எது சின்னதோ அதைத்தான் எடுக்கும். நீ கேக்கிற பவர் அதுக்கும் கீழ இருந்தா சரிம்பா. மேல இருந்தா, 'சரி மொதலாளி'ன்னு ஒன்கிட்ட தலையாட்டிட்டு, தன் அளவுலயே நிக்கும். ஒன் கார்டுல 20-ன்னு எழுதியிருந்தா நீ பொலிவியாவுக்கு என்ன, சந்திர மண்டலத்துக்கே போனாலும் 20-தான். இன்டெல் கார்டு பலதுல இன்னும் கூத்து. நீ எந்த நாடுன்னு சொல்லுறதை அது காதுலயே போட்டுக்காது. பக்கத்துல இருக்கிற ரூட்டருங்க எந்த நாட்டுப் பேரைச் சொல்லுதுன்னு ஒட்டுக் கேட்டு, எங்க இருக்கோம்னு அதுவே முடிவு பண்ணிக்கிடும். நீ பொலிவியான்னு கத்துறே, சந்து பூராவும் இந்தியான்னு சொல்லுது. அது யாரை நம்பும்? சமயத்துல ஒன் ரூட்டர் சொல்லுறதையும் நம்பித் தொலைக்கும். அப்பத்தான் ஒன் கடைக்கு வந்த வாடிக்கையாளரோட லாப்டாப்பு எந்தச் சேனல்ல பேசுறதுன்னு தெரியாம முழிக்கும்.

'ஒரு வைஃபையால நாட்டுக்கு என்ன கேடு?'ன்னு எளக்காரமாச் சிரிக்காதே. 2009-ல பொர்த்தோ ரீக்கோ தீவுல, சான் ஹுவான் விமான நெலையத்துக்கு மழை பாக்கிற ராடார்ல கோடு கோடா விழுந்துச்சு. தேடிப் போனா, கட்டடத்து மேல நெட்டு குடுக்கிறவங்க வச்ச 5 கிகாஹெர்ட்ஸ் கருவிங்க. அந்த ராடார் புழங்குறது 5600-க்கும் 5650 மெகாஹெர்ட்ஸுக்கும் நடுவுல. ராடார் சத்தம் கேட்டா வைஃபை தானா ஒதுங்கணும்னு விதி உண்டு. அந்தச் சேனல்ல ஏறுறதுக்கு முந்தி ஒரு நிமிஷம் காது குடுக்கணும். நடுவுல ராடார் கேட்டா 10 செகண்டுக்குள்ள எடத்தைக் காலி பண்ணணும், அரை மணி நேரத்துக்குத் திரும்பி வரக் கூடாது. அந்தக் காதை அணைச்சு வச்சா விமானத்துக்குப் புயல் தெரியாது. அமெரிக்காவுல இந்த ரேடியோ அலையைக் கவனிக்கிற எஃப்சிசி ஆணையம் அபராதம் மேல அபராதமாப் போட்டுச்சு. நாட்டை மாத்திச் சொன்னா அந்தக் காதையும் சேத்து அணைக்கலாம், தெரியுமா?

நம்ம ஊருக்கு வா. நான் சொன்ன வைஃபை விதி 2005 ஜனவரியில வந்துச்சு. அதே வருசம் ஜூலை 26-ல சாந்தாக்ரூஸ்ல ஒரே நாள்ல 944 மில்லிமீட்டர் மழை. மித்தி ஆறு பொங்கி நம்ம வீட்டுக்குள்ள வந்தது ஒனக்கு மறந்திருக்கும், எனக்கு மறக்கல. கொலாபாவுல அன்னைக்கு நூறு மில்லிமீட்டர் கூட இல்ல. ஒரே ஊருல இம்புட்டு வித்தியாசம். அதை மேகத்துலயே பாத்துச் சொல்ல டாப்ளர் ராடார் அப்ப நம்மகிட்ட இல்ல. பொறவு கொலாபாவுல ஒண்ணு வச்சாவ. 2022 ஜனவரியில வெராவலியில இன்னொண்ணு தொறந்தாவ. அது சி-பேண்ட் ராடார். உலகத்துல அந்த ஜாதி மழை ராடாருங்க பெரும்பாலும் 5600-ஐ ஒட்டித்தான் பேசும். மழை வருதான்னு அது காது குடுத்துக் கேக்கிறது மித்தி ஓரத்துல இருக்கிற நமக்காகத்தான். ஒன் குடோன் எலியைப் பாக்கிறதுக்காக அது காதுல போய்க் கத்தலாமா, மருமவனே?

டிரைவர் எழுதுற பிள்ளைகளுக்கும் எனக்கு ஒரு வார்த்தை இருக்கு. நான் படிக்காதவன், கேட்டாக் கேளுங்க, இல்லன்னா விடுங்க. நாட்டுக் கோடை மாத்திவிட்டா எல்லை தாண்டலாம்னு ரூட்டர்ல வழி வச்சதுக்காக டிபி-லிங்க் கம்பெனி 2016 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல 2 லச்சம் டாலர் கட்டிச்சு. அதுக்கு முந்தின வருசம் எஃப்சிசி போட்ட புது விதிப் பேச்சைக் கேட்டு, ரூட்டருக்குள்ள வேற யாரும் நிரலே போடக் கூடாதுன்னு மொத்தமாப் பூட்டிரலாமான்னு கம்பெனிக யோசிச்சாவ. ஓபன் சோர்ஸ்காரங்க கூப்பாடு போட்டாவ. கடைசியில அந்த டிபி-லிங்க் சமரச ஒப்பந்தத்துலயே, வெளி ஆள் எழுதுன நிரலையும் போடுற மாதிரி, பவர் எல்லையும் காப்பாத்துற மாதிரி வழி தேடணும்னு ஒத்துக்கிட வச்சாவ. அதுதான் ஞாயம். செட்டுக்காரன் சத்தத்தைக் கூட்டுறான்னா வால்யூம் திருகைப் பூட்டு. பாட்டே போடக் கூடாதுன்னு செட்டைப் புடுங்காதே. எல்லையைப் போடுற எடத்துல கணக்கு சுத்தமா இருக்கணும். அரை டெசிபல் கணக்குல எழுதி வச்சதை முழு டெசிபல்னு படிச்சா 20 டிபிஎம் 40 ஆயிரும், பவர் நூறு மடங்கு! ஆன்டெனாவோட பலத்தைக் கழிக்க மறந்தாலும் அதே கதைதான். பேரேடு கெடைக்கலைன்னா அடங்கி நில்லுங்க, அள்ளி விடாதீங்க.

இப்ப ஒன் கேமராவுக்கு வருவோம். நீ பொலிவியாவை விட்டுத் திரும்பி வா. நாடு ஐஎன், அதாவது இந்தியான்னு போடு. சேனல் 1, 6, 11-ல எது சந்துல காலியா இருக்கோ அதைப் புடி. சந்துக்குக் குறுக்க ஒரு கேபிள் இழுத்து, குடோனுக்குள்ள சின்ன ரூட்டர் ஒண்ணு வச்சு, அதோட பவரைக் கொறைச்சு விடு. கேமராவுக்குக் கிட்ட ஒரு காது கெடைக்கும், சந்துக்காரங்களுக்கு நிம்மதி கெடைக்கும். கேபிள் இழுக்க முடியாதா? லாமிங்டன் ரோட்டுல தெசை பாத்து வைக்கிற ஆன்டெனா கெடைக்கும். அது பேசுறதை மட்டும் பெருசாக்காது, கேக்கிறதையும் பெருசாக்கும். கேமராவோட ஈனக்குரலும் அதுல வந்து விழும். 12 டிபிஐ பலம் உள்ள ஆன்டெனா வச்சா, நம்ம 36 டிபிஎம்ல 12 போக 24 மிஞ்சும். அது 250 மில்லிவாட்டு. ஒன் கார்டு குடுக்கிறது 20-ன்னா சட்டத்துக்குள்ள சொகமா இருக்கே. எவனாவது மொபைல் பூஸ்டர் வாங்கச் சொன்னா அந்தப் பக்கம் தல வச்சுப் படுக்காதே. தனி ஆள் அதை வாங்குறதும் வைக்கிறதும் சட்ட விரோதம்னு டெலிகாம் இலாகா 2022-ல தெளிவாச் சொல்லிருச்சு.

கத்துறவனுக்குத்தான் கேக்கும்னு நீ நெனைக்கே. காத்து எல்லாருக்கும் பொது, மருமவனே. அதுல அளவாப் பேசுறவன் பேச்சுத்தான் போய்ச் சேரும். இன்னைக்கு ராத்திரி கடையைச் சாத்துறதுக்கு முந்தி அந்த ரெண்டு எழுத்தை மாத்திரு.